குருக்கில் மேயும் சிட்டு: ஐரோப்பிய ஓவியத்தில் ஒரு பறவை சுமந்த பொருள்

ஃபிளாரன்ஸ் நகரத்து உஃபிசி காட்சியகத்தில் ரஃபேல் 1505, 1506ஆம் ஆண்டுகளில் வரைந்த மரியாள் ஓவியம் ஒன்று இருக்கிறது. பாறையொன்றின் மீது புத்தகத்தைக் கையில் வைத்தபடி மரியாள் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய முழங்கால்களுக்கிடையே குழந்தை இயேசு, தன் பிஞ்சுப் பாதத்தைத் தாயின் பாதத்தின் மேல் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. தோலாடை உடுத்திய சிறுவன் யோவான் (பின்னாளில் இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர்) இரு கைகளுக்குள்ளும் பொத்திக் கொண்டுவந்த ஒரு சிறு பறவையை நீட்ட, இயேசு அதன் தலைமேல் கையை வைத்துத் தடவுகிறார். பின்னால் ஓர் ஆறும் பாலமும் மெல்லிய மரங்களும் இளநீல மலைகளும் தெரிகின்றன. இன்று அதன் முன் வந்து நிற்பவர் கண்ணுக்கு இது இரண்டு குழந்தைகள் ஒரு குருவியோடு விளையாடும் காட்சி. அந்தக் காலத்து ஃபிளாரன்ஸ்காரர் ஒருவர் அந்தப் பறவையின் சிவந்த முகத்தைப் பார்த்தவுடன், அந்தக் குழந்தை வளர்ந்து எப்படி இறக்கப் போகிறது என்பதை நினைத்துக்கொண்டார். ஒரு விரற்கடை அளவே வரையப்பட்ட பறவை இத்தனை கனமான சேதியை எப்படிச் சுமக்க முடிந்தது என்பதே இங்கே விளக்க எடுத்துக்கொண்ட பொருள்.

ஆங்கிலத்தில் கோல்டுஃபின்ச் என்று அழைக்கப்படும் இப்பறவை தமிழ் நிலத்துக்குரியதன்று. ஆகவே அதைப் பொற்சிட்டு என்று இக்கட்டுரை முழுவதும் அழைக்கிறேன். உடல் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர், எடை பெரும்பாலும் 14 முதல் 19 கிராம் வரை. அலகைச் சுற்றி முகம் குங்குமச் சிவப்பு, கன்னம் வெள்ளை, உச்சி கறுப்பு, கரிய இறக்கையின் குறுக்கே பளிச்சென்ற மஞ்சள் பட்டை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே தோற்றம். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா எங்கும் வாழ்வது. இதன் நெருங்கிய உறவான சாம்பல்தலைப் பொற்சிட்டை இமயமலைப் பகுதிகளில் காணலாம். ஆனால் அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமான அந்த முகமூடி கிடையாது. கூட்டில் பிறந்து பறக்கத் தொடங்கும் இளம் பறவைக்கு முகச் சிவப்பு இருப்பதில்லை. முதல் இலையுதிர் காலத்தில் இறகு மாறிய பிறகே அந்த நிறம் வருகிறது. பின்னால் வரப்போகும் ஒரு கதையைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பறவையின் பொருளைத் திறக்கும் சாவி அதன் உணவில் இருக்கிறது. மெலிந்து கூர்மையான அதன் அலகு, வேறு பறவைகள் நெருங்க அஞ்சும் முட்செடிகளின் தலைகளுக்குள் புகுந்து விதையை உருவி எடுப்பதற்கென்றே அமைந்தது போன்றது. அந்தச் செடிக்கு லத்தீனில் கார்டுஸ் என்று பெயர், பறவைக்குக் கார்டுவேலிஸ். இத்தாலியரின் கார்டெல்லினோவும் பிரெஞ்சுக்காரரின் ஷார்டொனெரேயும் ஜெர்மானியரின் டிஸ்டெல்ஃபிங்கும் எல்லாமே ‘முட்செடிக் குருவி’ என்ற ஒரே பொருளைச் சொல்கின்றன. நிறத்தை வைத்துப் பெயரிட்டது ஆங்கிலம். பழக்கத்தை வைத்துப் பெயரிட்டவை மற்ற மொழிகள். செவில் நகரத்து ஆயர் இசிதோர் ஏழாம் நூற்றாண்டிலேயே தம் சொற்பிறப்பு நூலில், முள்ளையும் முட்செடியையும் உண்பதால் இதற்கு இப்பெயர் வந்தது என்று எழுதிவிட்டார். இடைக்காலத்து ஐரோப்பியத் துறவி எவரும் பறவையைப் பார்க்கும் முன்பே இந்தப் பெயர்க் காரணத்தைப் படித்திருப்பார்.

அந்தச் செடியைத் தமிழ் விவிலியம் ஒரு நல்ல சொல்லால் அழைக்கிறது. ஏதேன் தோட்டத்தில் ஆதாம் கட்டளையை மீறியபின் நிலம் சபிக்கப்படும் இடத்தில், அது உனக்கு ‘முள்ளும் குருக்கும்’ முளைப்பிக்கும் என்று வருகிறது. குருக்கு என்பதே நம் சிட்டு மேயும் செடி வகை. அந்தச் சாபத்தின் முள்தான் பின்னர் முடியாகப் பின்னப்பட்டு இயேசுவின் தலையில் அழுத்தப்பட்டது என்பது கிறித்தவ வாசிப்பு. மனிதனின் முதல் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையை அவர் தம் நெற்றியில் வாங்கிக்கொண்டார் என்பது அதன் கருத்து. அந்த முள்ளுக்குள் அலகை விட்டுத் தன் உணவைத் தேடும் பறவை, கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் முகத்தில் ஏந்தியிருந்தால், கதை தானாகவே பிறந்துவிடும். சிலுவை சுமந்து சென்ற இயேசுவின் நெற்றியில் தைத்திருந்த முள்ளை ஒரு சிட்டு பறந்து வந்து அலகால் பிடுங்கியது. அப்போது தெறித்த இரத்தத் துளி அதன் முகத்தில் படிந்து, அதன் வழித்தோன்றல்கள் எல்லாவற்றுக்கும் நிலைத்துவிட்டது. இதே போன்ற கதையை ஐரோப்பியர் ராபின் என்ற செம்மார்புக் குருவிக்கும், அலகு குறுக்காக மடங்கிய கிராஸ்பில் பறவைக்கும் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு கதை மூன்று பறவைகளுக்குப் பொருந்துகிறது என்றால், சிவப்புள்ள எந்தப் பறவையிலும் மக்கள் அந்த இரத்தத்தைத் தேடினார்கள் என்று கொள்வதே சரி. ஆயினும் மூன்றில் முள்ளோடு உண்மையாகவே வாழ்வது பொற்சிட்டு ஒன்றுதான். ஓவியர்கள் பெரும்பாலும் அதையே தேர்ந்ததற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வழக்கு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதைக் கணக்கெடுத்தவர் ஒரு கலை வரலாற்றாளர் அல்லர்; அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பறவைகள் பிரிவில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் என்ற பறவையியல் அறிஞர். 1946இல் வெளிவந்த தம் ஆய்வில் அவர், பொற்சிட்டு இடம்பெறும் 486 பக்தி ஓவியங்களை, 254 ஓவியர்களின் பெயரோடு திரட்டித் தந்தார். அந்த ஓவியர்களில் 214 பேர் இத்தாலியர். இந்தக் கடைசி எண் முக்கியமானது. பறவை ஐரோப்பா முழுவதும் பறந்தது. அதன் பொருளோ பெரும்பாலும் இத்தாலியில்தான், அதுவும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை, செழித்தது. பறவையை அலகும் இறகுமாக அறிந்த ஒருவர் ஓவியத்தைப் பார்த்ததால்தான் இந்தக் கணக்கு சாத்தியமாயிற்று. ஏனெனில் ஓவியத்தில் வரும் பறவை எது என்று முதலில் உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1506இல் வெனிஸில் வரைந்து இப்போது பெர்லினில் இருக்கும் மரியாள் ஓவியத்தில் குழந்தையின் கைமேல் அமர்ந்திருப்பது பொற்சிட்டன்று, மஞ்சளும் பச்சையும் கலந்த சிஸ்கின் என்னும் வேறொரு சிட்டு. மைக்கலாஞ்சலோ செதுக்கி, லண்டன் ராயல் அகாதெமியில் இருக்கும் வட்டச் சலவைக்கல் சிற்பத்திலோ யோவான் நீட்டும் பறவையைக் கண்டு குழந்தை இயேசு தாயின் மடியில் திரும்பி ஒதுங்குகிறது. கல்லில் நிறம் இல்லாததால் அது பொற்சிட்டா புறாவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பொற்சிட்டு என்று கொண்டால், குழந்தை தன் பாடுகளை, அதாவது சிலுவையில் தான் படப்போகும் துன்பங்களை, முன்கூட்டிக் கண்டு அஞ்சுகிறது என்ற பொருள் கிடைக்கிறது. புறா என்று கொண்டால், இயேசுவின் திருமுழுக்கின்போது வானிலிருந்து இறங்கியதாகச் சொல்லப்படும் புறா நினைவுக்கு வருகிறது. ஒரு பறவையின் இனத்தைச் சொல்வது ஒரு சிற்பத்தின் முழுப் பொருளையும் திருப்பிவிடும்.

பாடுகளின் அடையாளம் என்பது பொற்சிட்டின் பொருள்களில் ஒன்று மட்டுமே. அதற்கு முன்பே, உடலை விட்டுப் பறக்கும் உயிர் பறவை வடிவானது என்ற மிகப் பழைய எண்ணம் இருந்தது. எகிப்தியர் மனிதத் தலையுள்ள பறவையாக உயிரை வரைந்ததும் இந்த எண்ணத்தின் வேறொரு கிளை. குழந்தை இயேசுவின் கையில் இருக்கும் பறவை, அவரிடம் அடைக்கலமான மனித ஆன்மா என்று கொள்வதற்கு அதனால் தடையில்லை. இன்னொரு இழை இடைக்காலத்து விலங்கு நூல்களில் வரும் கராட்ரியுஸ் என்ற வெண்பறவையிடமிருந்து வருகிறது. நோயாளியின் படுக்கை அருகே கொண்டுவந்தால், அவர் பிழைப்பவர் எனில் அது அவர் முகத்தை நோக்கி, நோயைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, சூரியனை நோக்கிப் பறந்து எரித்துவிடும். சாகப் போகிறவர் எனில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உலகின் நோயைத் தம்மேல் ஏற்ற இயேசுவுக்கு இது உவமையாயிற்று. கராட்ரியுஸ் என்ற பறவையை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பொற்சிட்டோ ஒவ்வொரு இத்தாலிய வீட்டின் கூண்டிலும் இருந்தது. 1348இல் கொள்ளை நோய் ஃபிளாரன்ஸையும் சியன்னாவையும் வாரிக்கொண்டு போன பிறகு, நோயை நீக்கும் பறவை என்ற பெயர் இந்த வீட்டுப் பறவைக்கு வந்து சேர்ந்தது என்றும், அந்த நூற்றாண்டில் மரியாள் ஓவியங்களில் அது பெருகியதற்கு இந்த அச்சமும் நம்பிக்கையும் காரணம் என்றும் ஃப்ரீட்மன் கருதினார். பிள்ளைகளை வாரம் ஒன்றில் இழந்த தாய்மார் முழந்தாளிட்ட ஓவியங்கள் அவை என்பதை மறக்கலாகாது. குழந்தையின் கையில் அந்தச் சிட்டைக் கண்டவர்களுக்கு அது இறையியல் பாடமாக மட்டும் இருந்திருக்க முடியாது.

இவ்வளவு உயர்ந்த பொருள்களுக்கு நடுவே, மிகத் தாழ்ந்த ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்லவேண்டும். குறியீட்டு விளக்கங்கள் பெரும்பாலும் இதை வேகமாகக் கடந்துவிடுகின்றன. அந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு உயிருள்ள சிறு பறவையே விளையாட்டுப் பொருள். காலில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள். பறவை பறக்கும், நூல் இழுக்கும், பிள்ளை சிரிக்கும். பல மரியாள் ஓவியங்களில் அந்த நூல் தெளிவாகவே வரையப்பட்டிருக்கிறது. ஓவியர்கள் விண்ணிலிருந்து ஒரு குறியீட்டை இறக்கிக் குழந்தையின் கையில் வைக்கவில்லை. தம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் ஏற்கெனவே இருந்த பறவையைப் பார்த்து வரைந்தார்கள், அதற்குப் பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. பிடிபட்டதும், நூலில் கட்டுண்டதும், பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் கையிலேயே செத்துப் போனதும் அந்தப் பறவையின் உண்மை வாழ்க்கை. சாகப் பிறந்த ஒரு குழந்தையின் கையில் அது இருந்தது பொருந்தியதற்கு, முள்ளைப் போலவே இந்த நூலும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

இந்த வாசிப்போடு சில ஓவியங்களை நெருங்கிப் பார்க்கலாம். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கார்லோ கிரிவெல்லி 1480 வாக்கில் வரைந்த சிறு மரியாள் ஓவியம் இருக்கிறது. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரியது. மேலே ஆப்பிள்களும் ஒரு வெள்ளரிக்காயும் தொங்குகின்றன. கீழே கல் விளிம்பில், நிஜ ஈ வந்து உட்கார்ந்துவிட்டதோ என்று கை ஓங்க வைக்கும்படி ஓர் ஈ வரையப்பட்டிருக்கிறது. ஆப்பிளும் ஈயும் பாவத்தையும் தீமையையும், வெள்ளரியும் பொற்சிட்டும் மீட்பையும் குறிப்பவை. குழந்தை அந்த ஈயைப் பார்க்கிறது. பார்த்துக்கொண்டே பொற்சிட்டை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொள்கிறது. இறையியலின்படி தீமையைக் கண்ட மீட்பர் தம் மீட்பின் அடையாளத்தைப் பற்றிக்கொள்கிறார். பிள்ளை வளர்த்தவர்களுக்கோ, புதிதாக ஒன்றைக் கண்டு மிரண்ட குழந்தை கையில் இருப்பதை விடாமல் இறுக்கும் காட்சியாகவும் அது தெரியும். கிரிவெல்லியின் மேதைமை இந்த இரண்டையும் ஒரே விரல் மடிப்பில் வைத்ததுதான்.

பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜில் உள்ள, லியோனார்டோவின் பெயரோடு வழங்கும் லித்தா மரியாள் ஓவியத்தில் பால் குடிக்கும் குழந்தையின் கைக்குள், கவனித்துப் பார்த்தால்தான் தெரியும்படி, அதே சிவந்த முகம் பதுங்கியிருக்கிறது. ஃபெடரிகோ பரோச்சி 1575 வாக்கில் வரைந்து இப்போது லண்டன் நேஷனல் காலரியில் உள்ள ஓவியத்திலோ அது ஒளிந்திருக்கவில்லை. சிறுவன் யோவான் மரியாளின் மடியில் சாய்ந்தபடி பொற்சிட்டைக் கையில் உயரத் தூக்கிப் பிடிக்கிறான். கீழே ஒரு வீட்டுப் பூனை அதன்மேல் வைத்த கண் வாங்காமல் எம்பி நிற்கிறது. மரியாளின் கணவர் யோசேப்பு பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறார். பிள்ளைகளின் சேட்டை ஒன்றைக் கண்டு பெரியவர்கள் புன்னகைக்கும் குடும்பக் காட்சி. பறவைக்கும் பூனைக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில சாண் இடைவெளியில்தான் பாடுகள் முழுவதும் இருக்கின்றன. நெதர்லாந்து ஓவியர் போஷ் தம் இன்பத் தோட்ட ஓவியத்தில் பொற்சிட்டை மனிதரினும் பெரிதாக வரைந்தது வேறொரு கனவுலகம். அதை மரியாள் ஓவியங்களின் வரிசையில் சேர்க்க இயலாது. 1770 வாக்கில் டியெப்போலோ வரைந்த மரியாள் ஓவியம், வாஷிங்டன் தேசியக் காட்சியகத்தில் உள்ளது, இந்த நீண்ட மரபின் அந்திப் பொழுது எனலாம். அதற்குள் அந்தப் பறவையின் பொருளைக் கேட்காமலே அறிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ரஃபேலின் ஓவியத்துக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லவேண்டும். அது லொரென்சோ நாசி என்ற ஃபிளாரன்ஸ் வணிகரின் திருமணத்துக்காக வரையப்பட்டது. 1547இல் மண் சரிந்து நாசியின் வீடு இடிந்தபோது, ஓவியப் பலகை இடிபாடுகளுக்குள் சிக்கிப் பதினேழு துண்டுகளாக உடைந்தது. நாசியின் மகன் அவற்றைப் பொறுக்கி எடுத்து, தம்மால் இயன்றவரை ஒன்று சேர்த்தார் என்று ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்கிறார். ஆணி அடித்து இணைத்து, விரிசல்களின் மேல் வண்ணம் பூசி, நூற்றாண்டுகள் கடந்தன; மேற்பூச்சும் அழுக்கும் ஏறி ஓவியம் பழுப்பேறிப் போயிற்று. ஃபிளாரன்ஸின் பழுதுநீக்கும் நிலையத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதன்மீது வேலை நடந்து, 2008இல்தான் நீலமும் சிவப்பும் தெளிந்து மீண்டும் மக்கள் முன் வந்தது. திருமண வீட்டுக்கு இறப்பின் அடையாளத்தைப் பரிசாகத் தருவதா என்று நமக்குத் தோன்றலாம். அந்த இல்லத்தில் பிறக்கப் போகும் பிள்ளைகளை நோய் அண்டாமல் காக்கும் பறவையும் அதுவே என்பதை நினைத்தால் அந்த உறுத்தல் நீங்கும்.

முள்ளுக்கும் இரத்தத்துக்கும் தொடர்பில்லாத இன்னொரு வரலாறும் இப்பறவைக்கு உண்டு, அது சர்ச்சுக்கு வெளியே நடந்தது. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, பறவைகளில் மிகச் சிறியவையான இவை சொன்னதைச் செய்யும், அதையும் குரலால் மட்டுமல்லாமல், கைக்குப் பதிலாகக் காலையும் அலகையும் கொண்டு செய்யும் என்று குறித்திருக்கிறார். கிளையில் தொங்கும் விதைத்தலையை அலகால் இழுத்துக் காலால் மிதித்துப் பிடித்து உண்பது இப்பறவையின் இயல்பு. மனிதர் அந்த இயல்பை வேலையாக மாற்றினார்கள். காலிலோ இடுப்புப் பட்டையிலோ மெல்லிய சங்கிலியைக் கட்டி, பறவையைத் தாங்கியில் உட்கார வைத்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் ஒன்றை வைத்து, தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானம் அளவே உள்ள ஒரு குட்டி வாளியைச் சங்கிலியில் தொங்கவிடுவார்கள். தாகம் எடுத்தால் பறவை சங்கிலியை அலகால் இழுத்து, காலால் மிதித்து, மீண்டும் இழுத்து, வாளியை மேலே கொண்டுவந்துதான் குடிக்கவேண்டும். கிணற்றில் நீர் இறைப்பதற்கு டச்சு மொழியில் புட்டன் என்பார்கள்; ஆகவே அங்கே இதற்குப் புட்டர்ட்யே, அதாவது ‘நீர் இறைக்கும் சிட்டு’ என்றே பெயர் நிலைத்தது. விருந்தினர் வந்தால் காட்டி மகிழும் வேடிக்கை அது. வீட்டுக்குள்ளேயே, கண்ணுக்கு முன்பாக, தன் தாகத்துக்காக இறைத்துக்கொண்டே இருந்த ஓர் உயிரை எத்தனை தலைமுறைகள் புன்னகையோடு பார்த்தன என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

வீட்டுப் பறவையான பொற்சிட்டுக்கு ஓவியத்தில் கிடைத்த மிகக் கூர்மையான வாசிப்புகளில் ஒன்று இங்கிலாந்தில் நிகழ்ந்தது. வில்லியம் ஹோகார்த் 1742இல் அரச குடும்பத்து மருந்தாளர் டேனியல் கிரஹாமின் நான்கு பிள்ளைகளை ஏறத்தாழ ஆளுயர ஓவியமாக வரைந்தார். அது லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. வலப்பக்கம் சிறுவன் ஒரு பறவை இசைப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, கூண்டில் இருக்கும் பொற்சிட்டு தன் இசைக்காகத்தான் பாடுகிறது என்று நம்பிச் சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால் நாற்காலியின் முதுகைப் பற்றி ஏறிய பூனை, கண்கள் விரிய, கூண்டை நோக்கி நகம் நீட்டி நிற்கிறது. பறவை படபடப்பது இசையால் அன்று. இடப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் கைக்குழந்தை தாமஸ், ஓவியம் முடிவதற்குள் இறந்துவிட்டான். ஹோகார்த் அவனை இறந்தபின் வரைந்து முடித்தார். பின்னாலுள்ள கடிகாரத்தின் மேல் ஒரு குட்டி உருவம் அரிவாளை ஏந்தி நிற்கிறது. முள்முடியோ சிலுவையோ இங்கே எங்கும் இல்லை. ஆனாலும் குழந்தையும் பொற்சிட்டும் சாவும் ஓரிடத்தில் கூடும் அந்தப் பழைய இத்தாலிய ஏற்பாடு, பெயர் சொல்லாமல், ஒரு மருந்தாளர் வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

கூண்டுகளுக்கு வேண்டிய பறவைகள் காட்டிலிருந்துதான் வரவேண்டும். 1860 வாக்கில் இங்கிலாந்தின் தென்கரையில் வொர்திங் என்ற ஓர் ஊரைச் சுற்றி மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,32,000 பொற்சிட்டுகள் வலையில் பிடிக்கப்பட்டன என்று பதிவு இருக்கிறது. பிரிட்டனில் பறவைப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியபோது இந்த வணிகத்தைத் தடுப்பது அதன் தொடக்க வேலைகளில் ஒன்றாக இருந்தது. ருஷ்யக் கவி ஓசிப் மண்டெல்ஷ்டாம் 1936 டிசம்பரில், வொரோனெஷ் நகரில் அரசின் ஆணையால் சொந்த நாட்டுக்குள்ளேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நிலையில், பொற்சிட்டை முன்னிறுத்திக் கவிதைகள் எழுதினார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து உலகைப் பார்க்கும் அந்தச் சிட்டில் அவர் தம்மையே கண்டார்; கூண்டின் கம்பியும் குறுக்குத் தடியும் அவர் கவிதையில் பொய் பேசும் சாட்சிகளாக வருகின்றன. இரண்டாண்டுகளில் விளாடிவாஸ்டாக் அருகே ஒரு கைதிகள் முகாமில் அவர் இறந்தார். ஓவியத்தை விட்டு விலகிய செய்திதான் இது. ஆயினும் இந்தப் பறவை எதைக் குறித்தாலும் கடைசியில் பிடிபட்ட உயிரையே குறிக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எவரும் சொல்லவில்லை.

அதை ஓவியத்தில் சொன்னவர் கேரல் ஃபப்ரிட்டியஸ். ரெம்பிராண்டிடம் பயின்றவர், டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்தவர். 1654இல் அவர் வரைந்த பொற்சிட்டு, ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 33.5க்கு 22.8 சென்டிமீட்டர் அளவுள்ள மரப்பலகை. அதில் பறவை ஏறத்தாழ நிஜ அளவிலேயே இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் காலையில் டெல்ஃப்ட்டின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஏறத்தாழ 40 டன் மருந்து. நகரின் ஒரு பகுதியே தரைமட்டமாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பழைய தேவாலயத்தின் பணியாளர் ஒருவரின் உருவத்தை வரைந்துகொண்டிருந்த ஃபப்ரிட்டியஸ் தம் வீட்டின் இடிபாடுகளுக்கிடையே இறந்தார், வயது 32. இன்று அவருடையவை என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓவியங்கள் ஒரு டஜன் அளவில்தான் எஞ்சியுள்ளன. பொற்சிட்டோ இரண்டு நூற்றாண்டுகள் எவர் நினைவிலும் இல்லாமல் கிடந்தது. டெல்ஃப்ட் ஓவியர் வெர்மியரை உலகுக்கு மீட்டுக்கொடுத்த பிரெஞ்சு விமர்சகர் தியோஃபீல் தொரேதான் 1859இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு தனியார் சேகரிப்பில் இதையும் அடையாளம் கண்டார். 1865இல் அவருக்கே அது பரிசாகக் கிடைத்தது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1896இல் மௌரிட்ஸ்ஹவுஸ் அதை 6,200 பிராங்குக்கு வாங்கியது. பலகை வழக்கத்தைவிடத் தடிமனாக இருப்பதால், அது முதலில் எதற்காக வரையப்பட்டது, ஏதேனும் பேழையின் கதவா, சுவரில் பதித்த பலகையா என்று ஊகங்கள் பல.

ஓவியத்தில் கதை எதுவும் இல்லை. பூசிய வெண்சுவர், அதில் அங்கங்கே காரை உரிந்த தடங்கள், சுவரில் அறைந்த தீவனப்பெட்டி, அதைச் சுற்றி அரைவட்டமாக வளைந்த இரண்டு கம்பிகள். மேல் கம்பியில் பறவை அமர்ந்திருக்கிறது. மரியாள் இல்லை, குழந்தை இல்லை, முள் இல்லை. நீர் இறைக்கும் சிட்டு என்று பெயர்பெற்ற பறவையை வரைந்தவர், கிண்ணத்தையும் வாளியையும் கூட விட்டுவிட்டார். வேடிக்கைக்குரிய எல்லாமே நீக்கப்பட்டபின் எஞ்சியது பறவையும் அதன் காலிலிருந்து கம்பிக்கு ஓடும் சங்கிலியும் மட்டும். சிலர் இதைக் காதலின் சிறை என்று படிக்கிறார்கள். அந்தக் காலத்து டச்சுக்காரர் கூண்டுப் பறவையில் அப்படி ஒரு பொருளைக் கண்டதும் உண்மையே. பாடுகளின் நினைவும் முற்றாக அழிந்திருக்காது. ஆயினும் இந்தப் பொருள்களை ஏற்றிப் பார்க்க முயலும்போதெல்லாம் ஓவியம் அவற்றை உதறிவிட்டு நம்மை மீண்டும் பறவையிடமே கொண்டுவந்து நிறுத்துகிறது.

தூரத்திலிருந்து பார்த்தால், சுவரில் நிஜமாகவே ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது என்று கண் ஏமாறும். நெருங்க நெருங்க இறகுகள் கலைந்து வெறும் தூரிகைத் தீற்றல்களாகிவிடும். மார்பின் பழுப்பு, நாலைந்து அகலமான பூச்சுகள். அவற்றின் ஓரம் சுவரோடு கரைகிறது. இறக்கையின் கறுப்பில் கெட்டியாக வைத்த மஞ்சள். அது காயும் முன் தூரிகையின் கட்டைப் பின்முனையால் கீறிய ஒரு கோடு. சுவரில் விழும் நிழல் பறவையைச் சுவரிலிருந்து சற்றே முன்னுக்குத் தள்ளுகிறது. தலையை ஒருபுறம் திருப்பி, ஒற்றைக் கண்ணில் பொட்டு வெளிச்சத்தோடு அது பார்ப்பவரை நோக்குகிறது. அடியில், சுவரிலேயே எழுதியது போல, ஃபப்ரிட்டியஸின் பெயரும் 1654 என்ற ஆண்டும் இருக்கின்றன. சங்கிலியைத் தேடினால் முதலில் கிடைக்காது. மெல்லிய கோடாக அது காலடியிலிருந்து இறங்கி, கம்பியோடு நழுவும் ஒரு வளையத்தில் முடிகிறது. பறவை எழும்பினால் அந்த வளையம் கம்பியின் வளைவு உள்ள மட்டும் கூடவே வரும்; அதற்கு மேல் வராது.